ஒரு பக்கம் ‘டி’, மறுபக்கம் ‘யு’

பாட்டு முடிந்த பிறகும் ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருக்குமே, தட்டின் நடுவே உள்ள காகித லேபிளைச் சுற்றியிருக்கும் அந்த வழவழப்பான வளையம், அங்கேதான் முதல் தடயம் கிடைத்தது. அறுபதுகளில் ஓர் அமெரிக்க ராக் குழு வெளியிட்ட இசைத்தட்டில் உண்மையில் வாசித்தது யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். கைபேசியின் டார்ச்சைத் தட்டுக்கு நேர்மேலே பிடித்தால் எதுவும் தெரியாது. மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து, தட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். ஒரு கோணத்தில் எழுத்துகள் சட்டென்று எழுந்து நிற்கும். ஏ பக்கத்தில் ‘யு4கேஎம்’ (U4KM), அதன் பின்னே நான்கு எண்கள். பி பக்கத்தில் ‘டி4கேஎம்’ (T4KM), பின்னே வேறு நான்கு எண்கள்.

அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. அறுபதுகளில் அமெரிக்காவில் சின்னச் சின்ன லேபிள்கள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனங்கள், தங்கள் சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டுகளை) ஆர்சிஏ நிறுவனத்தின் ஆலையில் காசு கொடுத்து அச்சடித்துக்கொள்ளும். வளையத்தில் பொறிப்பதற்கு ஆர்சிஏ தரும் அடையாள எண்ணான மேட்ரிக்ஸ் எண்ணின் முதல் எழுத்து ஆண்டைக் குறிப்பது: ‘டி’ என்றால் 1966, ‘யு’ என்றால் 1967. ஒரே சமயத்தில் கொடுத்த இரண்டு பாட்டுகளுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள்தான் விழும். இங்கே ஆண்டே மாறியிருக்கிறது. அப்படியானால் பி பக்கம் இந்தத் தட்டுக்காகப் பதிவானது இல்லை. முன்பே எங்கோ வெளிவந்ததை எடுத்து, பின்பக்கத்தை நிரப்ப வைத்திருக்கிறார்கள்.

அதுவரை இந்தத் தட்டைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரே ஐந்து பெயர்கள்தான் கிடைத்தன. பாட்டு, கிட்டார், பேஸ், ஆர்கன், டிரம்ஸ் என்று ஆளுக்கொரு வேலை. இரண்டு பக்கத்துக்கும் அதே ஐவர். பல வருடங்களுக்கு முன் வந்த ஒரு தொகுப்புத் தட்டின் உறைக் குறிப்பில் அந்தப் பட்டியல் முதன்முதலாக அச்சானது. அதை ஒருவர் எடுத்து எழுத, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுத, பத்து இடத்தில் இருப்பதால் பத்து சாட்சி போலத் தெரிந்தது. உண்மையில் சாட்சி ஒன்றே ஒன்றுதான். இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: கிடைக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் ‘இதை முதலில் சொன்னது யார், எப்போது, யாரிடம் கேட்டு’ என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது. நான் அப்படிப் போனபோது எல்லாத் தடமும் அந்த உறைக் குறிப்பில் வந்து நின்றது. அதை எழுதியவர் பாடகரிடம் மட்டும் பேசியிருக்கிறார். பாடகர் தன் கையில் இருந்த புகைப்படத்தைப் பார்த்து அதில் நின்ற ஐந்து பேரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். படம் எடுத்தது 1968-ல்.

குழுவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இதில் முக்கியமான ஒருவர் தன்னைப் பற்றி வெளியே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குழுவின் பெயரைச் சொன்னால் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

‘குழுவில் யார் இருந்தார்கள்’ என்பது ஒரு கேள்வி. ‘அன்றைக்கு ஸ்டூடியோவில் வாசித்தது யார்’ என்பது வேறு கேள்வி. அந்தக் காலத்து ராக் இசையில் இந்த இரண்டும் அடிக்கடி பிரிந்து போயின. பைர்ட்ஸ் குழுவின் முதல் பெரிய வெற்றியான ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ 1965 ஜனவரியில் பதிவானபோது, குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மெக்வின் ஒருவர்தான். டிரம்ஸில் ஹால் பிளைன், பேஸில் லாரி நெக்டெல் என்று மற்றதெல்லாம் ஸ்டூடியோ கலைஞர்கள். 1967-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘இன்சென்ஸ் அண்ட் பெப்பர்மிண்ட்ஸ்’ பாட்டைப் பாடிய கிரெக் மன்ஃபோர்டு, ஸ்ட்ராபெரி அலாரம் கிளாக் குழுவைச் சேர்ந்தவரே இல்லை. வேறொரு குழுவின் பதினாறு வயதுப் பையன். அந்த இசையை உருவாக்கிய மார்க் வைட்ஸ், எட் கிங் இருவரின் பெயரும் பாடலாசிரியர் வரியில் கிடையாது. சாக்லேட் வாட்ச்பேண்ட் குழுவின் முதல் ஆல்பத்தில் சில பாட்டுகளைப் பாடியது டான் பென்னட் என்ற வெளியாள். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட தட்டுகளிலேயே இதுதான் நிலைமை. சில நூறு பிரதிகள் மட்டும் அடித்த ஒரு சிங்கிளின் லேபிளில் ஒரு பெயர் இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிட முடியுமா?

‘டி’ என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணைத் தேடினேன். அதே எண் இன்னொரு தட்டின் ஏ பக்கத்தில் இருந்தது. லேபிள் வேறு, குழுவின் பெயரும் வேறு. அந்தப் பகுதியின் பழைய தட்டுகளைச் சேர்க்கும் ஒருவர் தன் பிரதியின் ஒலியை அனுப்பினார். இரண்டையும் அருகருகே வைத்து ஓட்டினேன். பாட்டின் நடுவில் டிரம்மரின் குச்சி எதிலோ இடித்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும்; அது கூட அதே இடத்தில் விழுந்தது. ஒரே பதிவு. ஆக, இந்தப் பையன்கள் 1966-ல் வேறு பெயரில் இருந்திருக்கிறார்கள். பெயர் மாறியபோது ஆட்கள் மாறினார்களா என்பதுதான் மிச்சக் கேள்வி.

ஒரு சின்ன எச்சரிக்கை. வளையத்தில் இருப்பதை எழுதிக்கொள்ளும்போது நமக்குப் புரிந்ததை மட்டும் எழுதக் கூடாது. கீறி அழித்த எழுத்து, நட்சத்திரக் குறி, தனியாக நிற்கும் கோடு எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அச்சு வைத்துக் குத்தியதா, கையால் கீறியதா என்பதையும் குறிக்க வேண்டும். இன்று கிறுக்கலாகத் தெரிவது இன்னொரு பிரதியைப் பார்க்கும்போது பேசும்.

லேபிளில் பாடலாசிரியர் இடத்தில் குடும்பப் பெயர் மட்டும் இருந்தது. பாடகரின் குடும்பப் பெயரும் அதுவே. எனவே எழுதியவர் அவர்தான் என்று எல்லோரும் நினைத்தோம். நானும் மாதக்கணக்கில் அப்படியே குறித்து வைத்திருந்தேன். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அந்தக் காலத்தில் பதிவான பாடல்களின் பட்டியலைத் தடித்தடியான புத்தகங்களாக வெளியிட்டது. இப்போது அவற்றின் பக்கங்களைக் கணினியிலேயே பார்க்கலாம். அச்சில் வராத பாடல் என்றால் பதிவு எண் ‘இயு’ என்று தொடங்கும், வந்தது என்றால் ‘இபி’. ஒரு விஷயம் நினைவில் இருக்க வேண்டும்: அங்கே பதிவாவது பாட்டு, அதாவது சொல்லும் மெட்டும், ஒலிப்பதிவு இல்லை. ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 1972 பிப்ரவரி 15-லிருந்துதான். ஆகவே யார் வாசித்தார் என்று இந்தப் புத்தகம் சொல்லாது. யார் எழுதினார் என்பதை முழுப் பெயரோடு சொல்லும்.

சொன்னது. குடும்பப் பெயர் சரி, முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. பாடகரின் அக்கா. சொல், மெட்டு இரண்டும் அவர் பெயரில்.

இத்தனை வருடமாக அந்தப் பாட்டைப் பற்றி எழுதிய எவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தம்பியிடம் முகவரி வாங்கிக் கடிதம் போட்டேன். மின்னஞ்சல் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். அக்காவுக்குக் காகிதத்தில் வந்தால்தான் பிடிக்குமாம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உள்ளே ஒரு பச்சை டைரியின் ஆறு பக்க நகல்.

பையன்கள் அவர்கள் வீட்டுக் கார் கொட்டகையில்தான் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, பெட்ரோலுக்கு யார் எவ்வளவு போட்டார்கள், நிகழ்ச்சியில் வந்த பணத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று அக்கா ஒவ்வொரு வாரமும் எழுதி வைத்திருக்கிறார். கணக்குக்காக எழுதியது. இசை வரலாற்றுக்கு இப்படி ஒருநாள் பயன்படும் என்று நினைத்து அவர் எழுதவில்லை, அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம். நினைவிலிருந்து சொல்பவர் தன்னை அறியாமல் கதையை ஒழுங்குபடுத்துகிறார். பெட்ரோல் கணக்கு எழுதுபவருக்கு அந்தத் தேவை இல்லை. 1967 கோடைக்கால வாரங்களில் பேஸ் கிட்டாருக்கு எதிரே இருந்த பெயர் உறைக் குறிப்பில் இருந்த பெயர் அல்ல. முதன்மைக் கிட்டாருக்கும் அப்படியே. உறைக் குறிப்பு சொன்ன பேஸ் கலைஞரின் பெயர் அக்டோபரில்தான் முதன்முதலாக வருகிறது.

டிரம்ஸ் விஷயம் வேறு வழியில் தீர்ந்தது. டைரியில் ஒரு டிரம்மரின் பெயர் மே மாதத்தோடு நின்றுவிடுகிறது, ஜூலையில் புதுப் பெயர். முதல் டிரம்மர் இப்போது இல்லை. அவருடைய தங்கையிடம் பேசியபோது, வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர்ந்த தேதி அண்ணனின் விடுவிப்புச் சான்றிதழில் இருக்கும் என்று அவராகவே எடுத்துப் பார்த்துச் சொன்னார்: 1967 ஜூன். அந்தத் தலைமுறை அமெரிக்கக் குழுக்களில் ஆள் மாறிய தேதியைத் தேடுபவர்களுக்கு ராணுவக் காகிதத்தை விட உறுதியான சான்று அரிது. ஸ்டூடியோவின் டேப் பெட்டியில் ஏ பக்கப் பாட்டுக்கு நேராக ஆகஸ்ட் தேதி எழுதியிருந்தது. ஆக, ஏ பக்கத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஜூலையில் வந்தவர். பி பக்கத்தில் வாசித்தவர் ராணுவத்துக்குப் போனவர். இத்தனை காலம் இரண்டையும் ஒருவர் கணக்கில் வைத்திருந்தார்கள். தங்கைக்கு நான் 1966 பதிவின் ஒலியை அனுப்பினேன். அண்ணன் வாசித்த ஒரு தட்டு உண்டு என்பது வீட்டில் தெரியுமாம், ஆனால் எந்தத் தட்டு என்று தெரியாதாம்.

காதையும் பயன்படுத்தினேன், ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஏ பக்கத்தில் வா-வா பெடல் கேட்கிறது; கிட்டாரின் ஒலியைக் காலால் மிதித்து மாற்றும் கருவி அது. வாக்ஸ் நிறுவனத்தின் பெடல் கடைக்கு வந்ததே 1967-ல்தான், எனவே ‘யு’ என்ற எழுத்தோடு ஒத்துப்போனது. இது போன்ற பொருள்கள் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று சொல்லும். ‘இவர்தான் வாசித்தார்’ என்று சொல்லாது. ‘இந்த டிரம் உருட்டலைக் கேட்டாலே அவர்தான் என்று தெரிகிறது’ என்று உறுதியாகப் பேசுபவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அன்றைக்குப் பதினெட்டு வயதுப் பையன்கள் எல்லோரும் அதே நான்கு தட்டுகளைக் கேட்டுத்தான் பழகினார்கள்.

இசைக் கலைஞர் சங்கத்தின் பதிவு ஒப்பந்தங்களையும் தேடினேன். சங்க முறைப்படி நடந்த பதிவு என்றால் ஒப்பந்தத் தாளில் தலைவர் முதல் கடைசிக் கலைஞர் வரை பெயரும் நேரமும் கூலியும் இருக்கும். இவர்கள் பள்ளி முடித்த பையன்கள், யாரும் உறுப்பினர் இல்லை, தாளும் இல்லை. பெரிய லேபிள் தட்டு என்றால் முதலில் அங்கே போகலாம். உள்ளூர்த் தட்டு என்றால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆட்களிடம் பேசுவதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். முதல் உரையாடலில், உறைக் குறிப்பில் இருந்த கிட்டார் கலைஞரிடம், ‘அந்தத் தட்டில் கிட்டார் ஸோலோ நீங்கள் வாசித்ததுதானே?’ என்று கேட்டுவிட்டேன். ‘ஆமாம், நான்தான்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெயரை நானே எடுத்துக் கொடுத்துவிட்டு, அதை அவர் திருப்பிக் கொடுத்ததும் சான்று என்று எழுதி வைத்தேன். அதன் பிறகு முறையை மாற்றினேன். பட்டியலைக் காட்டுவதில்லை, ஒலியையும் முதலில் போடுவதில்லை. ஸ்டூடியோவுக்கு எந்த வண்டியில் போனீர்கள், பின் இருக்கையில் யார், ஆம்ப்ளிஃபையரைத் தூக்கியது யார், சாப்பாட்டுக்கு யார் காசு கொடுத்தார் என்று கேட்பேன். ‘யார் வாசித்தது’ என்பது ஆயிரம் தடவை கேட்கப்பட்டுத் தேய்ந்த கேள்வி, அதற்குப் பதிலும் தயாராக இருக்கும். ‘வண்டியில் யார் இருந்தார்’ என்று யாரும் கேட்டதில்லை, அதனால் அங்கே நினைவு புதிதாக இருக்கும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்பதும் முக்கியம். இருவர் சேர்ந்து பேசினால் ஐந்தே நிமிடத்தில் இருவர் நினைவும் ஒன்றாகிவிடும்.

டைரியில் இருந்த பழைய கிட்டார் கலைஞரைத் தேடிப் பிடிக்க நாலு மாதம் ஆனது. எழுபது தாண்டியவர், கிட்டாரைத் தொட்டு நாற்பது வருடம் ஆகிவிட்டதாகச் சொன்னார். வண்டி, பின் இருக்கை எல்லாம் கேட்டுவிட்டு, ஸோலோவைப் பற்றி என்ன ஞாபகம் என்று மட்டும் கேட்டேன்.

“ஒரே தடவைதான் வாசிச்சேன். கடைசியில விரல் வழுக்கி ஒரு சுரம் தப்பாப் போச்சு. திரும்ப எடுக்க நேரமில்லைனுட்டாங்க. டேப்பைத் திருப்பிப் போட்டுதான் சேர்த்தாங்க, அதனால அந்தத் தப்பு தட்டுல ஆரம்பத்துல வரும். இன்னைக்கும் கேட்டா உறுத்தும்.”

ஸோலோ பின்னோக்கி ஓடுவது என்பது கேட்டாலே தெரியும். ஒவ்வொரு சுரமும் வீங்கி வந்து சட்டென்று அறுந்து நிற்கும். டேப்பைத் தலைகீழாக ஓட்டி, அதன் மேல் வாசித்துவிட்டு, மறுபடி நேராக்கினால் வரும் ஒலி அது. ஆனால் தவறு ஏதும் என் காதில் பட்டதில்லை. பேசி முடித்ததும் அந்தப் பதினான்கு விநாடியை மட்டும் வெட்டிக் கணினியில் திருப்பிப் போட்டேன். டிரம்ஸ் தலைகீழானது, கிட்டார் நேரானது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக யாரும் கேட்காத விதத்தில், ஒரு பையன் அறைக்குள் உட்கார்ந்து வாசித்தபடியே கேட்டது: தொடக்கத்தில் தயக்கம், நடுவில் வேகம், மேலே ஏறி, கடைசிச் சுரத்துக்கு முன்னால் கம்பியை விட்டு விரல் நழுவும் அந்த ‘ஸ்க்’ சத்தம், பிறகு அரைச் சுரம் தாழ்ந்து ஒலிக்கும் முடிவு. அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது.

மறுநாள் உறைக் குறிப்பில் இருந்தவரை மறுபடி அழைத்து, ஸோலோவை எப்படி வாசித்தீர்கள் என்று பொதுவாகக் கேட்டேன். மேடையில் தினமும் வாசித்தேன், கூட்டம் அதற்கே கத்தும் என்றார். டேப் திருப்பியதைப் பற்றி அவர் வாயில் வரவே இல்லை. மேடையில் அதை நேராகத்தான் வாசித்திருக்க முடியும். நூறு இரவுகள் வாசித்த பாட்டு, தட்டில் இருப்பதும் தன் கைதான் என்று மனம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை.

ஆர்கன் மட்டும் இன்னும் தீரவில்லை. குழுவிடம் இருந்தது ஃபர்ஃபீஸா என்ற சிறிய ஆர்கன். காரின் பின்னால் வைத்து எடுத்துப்போகும் அளவுதான். தட்டில் கேட்பதோ லெஸ்லி என்ற ஒலிபெருக்கிப் பெட்டியின் சுழலும் ஒலியோடு வரும் ஹாமண்ட் என்ற பெரிய ஆர்கன். அதில் பி-3 மாடல் என்றால் இருக்கையும் கால்கட்டைகளும் சேர்த்து ஏறக்குறைய 190 கிலோ. அது ஸ்டூடியோவுடையதாகத்தான் இருக்க வேண்டும். டேப் பெட்டியில் ‘ஆர்கன், மேல்பதிவு’ (முன்பே பதிந்ததன் மேல் பிறகு சேர்த்தது) என்று வேறு மையில், ஒரு வாரம் தள்ளிய தேதியில் எழுதியிருக்கிறது. டைரிப்படி அன்று பையன்கள் இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு நடன நிகழ்ச்சியில் இருந்தார்கள். பாடகர் ஒரு பெயரைச் சொல்கிறார், ஜூலையில் வந்த டிரம்மர் இன்னொரு பெயரைச் சொல்கிறார், அக்காவுக்கு நினைவில்லை. என் குறிப்பில் ஆர்கனுக்கு நேரே பெயர் எழுதவில்லை. ‘குழுவினர் அல்லாத ஒருவர், டேப் பெட்டித் தேதி, டைரி’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இப்படி ஆதாரத்தைச் சேர்த்தே எழுதுகிறேன்: இவருக்கு டைரியும் தன் வாய்மொழியும், இவருக்கு ராணுவச் சான்றிதழ், இவருக்கு வாய்மொழி மட்டும். நாளைக்கு என்னை விட அதிகம் தெரிந்த ஒருவர் வந்தால் எந்தக் கல்லை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய ஓர் அழைப்பு மிச்சமிருந்தது. அக்டோபரில் சேர்ந்த பேஸ் கலைஞர். எத்தனையோ வருடமாக அவர் பெயர் அந்தத் தட்டோடு ஒட்டியிருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். வெளியே வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்து, பிறகு அழைத்தேன். டைரியில் இருந்த தேதிகளைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அப்போ அது நான் இல்லையா?” என்றார்.

“பதிவில் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் மேடையில் நீங்கள்தான்.”

“மேடையில வாசிச்சதை யாரு கேட்டா இப்போ?”

என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து அவரே அழைத்தார். 1968-ல் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த நிகழ்ச்சியை யாரோ வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்தார்களாம், அந்தச் சின்ன ரீல் பரணில் இருந்து கிடைத்துவிட்டது, ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம், முகர்ந்து பாருங்கள் என்றேன். வினிகர் வாடை அடிப்பதாகச் சொன்னார். பழைய அசிடேட் டேப் சிதையத் தொடங்கும்போது வரும் வாடை அது. வீட்டு மெஷினில் மாட்டினால் முறிந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காமல் காகித உறையில் வைத்து, பழைய டேப்புகளைப் பிரதி எடுப்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் அனுப்பச் சொன்னேன். போன வாரம் அனுப்பிவிட்டார். பெட்டியின் மேல் பென்சிலால் பாட்டுகளின் பெயர் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நாலாவது வரியில் அந்தப் பாட்டு இருக்கிறது.